லுட்விக் குட்மான்

சர் லுட்விக் குட்மான் (ஜூலை 3, 1899 – மார்ச் 18, 1980) ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் ஆவார். தண்டுவடக் காயம் அடைந்தோருக்கான மறுவாழ்வு மருத்துவத்தை ஒரு தனித்துறையாக நிலைநாட்டியவர்களுள் இவர் முதன்மையானவர். இங்கிலாந்தின் பக்கிங்காம்சயர் மாவட்டத்தில் உள்ள ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தேசியத் தண்டுவடக் காய மையத்தை 1944 ஆம் ஆண்டு தொடங்கி நடத்தினார். அம்மருத்துவமனையின் வளாகத்தில் இவர் 1948 இல் தொடங்கிய விளையாட்டுப் போட்டியே பின்னர் பாராலிம்பிக் விளையாட்டுகளாக வளர்ந்தது.

பாராலிம்பிக்கின் தந்தை என்றே இவர் பரவலாக அறியப்படுகிறார். ஆயினும் மருத்துவ வரலாற்றில் இவரது இடம் அதனினும் பெரியது. இவரது காலத்துக்கு முன்னர் தண்டுவடம் அறுபட்டவர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்தனர். அவர்களை உயிருடன் காப்பது, உட்கார வைப்பது, நிற்க வைப்பது, இயன்றால் நடக்க வைப்பது, இறுதியாக வீட்டுக்கும் வேலைக்கும் திருப்பி அனுப்புவது என்னும் படிகளை ஒரே சிகிச்சையின் பகுதிகளாக இவர் இணைத்தார். இன்று நடைபெறும் நடை மீட்பு ஆய்வுகள் யாவும், காயமடைந்தவர் பல்லாண்டுகள் நலமாக வாழ்வார் என்னும் நிலை ஏற்பட்ட பின்னரே இயல்வதாயின.

இளமையும் கல்வியும்

குட்மான் அன்றைய ஜெர்மன் பேரரசின் மேல் சிலேசியாப் பகுதியில் உள்ள டோஸ்ட் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவ்வூர் இப்போது போலந்து நாட்டில் டோஷெக் என்ற பெயரில் உள்ளது. இவரது குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் கோனிக்சுயூட்டே என்னும் தொழில் நகருக்குக் குடிபெயர்ந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த அந்நகரம் இப்போது போலந்தின் கொசூவ் நகரத்தின் பகுதியாக உள்ளது.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917 ஆம் ஆண்டில் அந்நகரின் விபத்து மருத்துவமனையில் குட்மான் தொண்டராகப் பணியாற்றினார். சுரங்கத் தொழிலாளர் ஒருவர் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்ற நிலையில் அங்கு கொண்டுவரப்பட்டார். திடகாத்திரமான இளைஞரான அவரைப் பற்றி விரிவான குறிப்பு எழுதத் தேவையில்லை என்றும், சில வாரங்களில் அவர் இறந்துவிடுவார் என்றும் குட்மானிடம் மருத்துவர் கூறினார். அவ்வாறே சுமார் ஐந்து வாரங்களில் சிறுநீர்த் தொற்றும் படுக்கைப் புண்களும் முற்றிக் குருதி நச்சேறி அத்தொழிலாளர் இறந்தார். காயத்தால் அன்றி, காயத்துக்குப் பின் வந்த தொற்றுகளால் அவர் இறந்தார் என்பதே இந்நிகழ்வின் முக்கியத்துவம். குட்மான் பிற்காலத்தில் இதனைப் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

1918 இல் பிரெசுலாவ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பைத் தொடங்கிய குட்மான், அடுத்த ஆண்டு பிரைபுர்க் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1924 இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பிரெசுலாவில் பணி

பட்டம் பெற்ற காலத்தில் பிரெசுலாவ் நகரில் ஓட்பிரிட் போர்ஸ்டர் என்னும் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவரிடம் குட்மான் உதவியாளராகச் சேர்ந்தார். தண்டுவடத்திலிருந்து கிளைக்கும் ஒவ்வொரு நரம்பு வேரும் தோலின் எந்தப் பகுதிக்கு உணர்வளிக்கிறது என்பதை வரைபடமாக்கியவர் போர்ஸ்டர். மிகுதியாக விறைத்த தசைகளைத் தளர்த்துவதற்காக நரம்பு வேர்களை வெட்டும் அறுவை முறையையும் அவர் உருவாக்கினார். நரம்பு நோயாளிகளுக்கு உடற்பயிற்சி வழியாக இயக்கத்தை மீண்டும் கற்பிப்பதிலும் அவர் ஆர்வம் கொண்டிருந்தார். இந்தக் கண்ணோட்டம் குட்மானின் பிற்காலப் பணியில் தெளிவாகத் தெரிகிறது.

இடையில் சிறிது காலம் ஹாம்பர்க் நகரில் நரம்பு அறுவை மருத்துவராகப் பணிபுரிந்த பின், 1929 இல் குட்மான் மீண்டும் பிரெசுலாவுக்கு வந்து போர்ஸ்டரின் முதன்மை உதவியாளரானார். ஜெர்மனியின் முன்னணி நரம்பு அறுவை மருத்துவர்களுள் ஒருவராக அப்போதே இவர் மதிக்கப்பட்டார். எல்சே என்பவரை மணந்த இவருக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர்.

நாசி ஆட்சிக் காலம்

1933 இல் நாசிக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் யூத மருத்துவர்கள் பொது மருத்துவமனைகளிலிருந்து நீக்கப்பட்டனர். பதவியிழந்த குட்மான் பிரெசுலாவ் யூத மருத்துவமனையில் நரம்பியல் பிரிவில் பணியேற்றார். 1937 இல் அம்மருத்துவமனையின் மருத்துவ இயக்குநரானார்.

1938 நவம்பர் 9 ஆம் நாள் இரவு ஜெர்மனி முழுவதும் யூதர்களின் வழிபாட்டிடங்களும் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. அன்றிரவு மருத்துவமனைக்கு வரும் எவரையும் காரணம் கேளாமல் நோயாளியாகச் சேர்த்துக்கொள்ளுமாறு குட்மான் ஊழியர்களுக்கு உத்தரவிட்டார். 64 பேர் சேர்க்கப்பட்டனர். மறுநாள் இரகசியக் காவல் படையினர் வந்து விளக்கம் கேட்டபோது, குட்மான் அவர்களைப் படுக்கை படுக்கையாக அழைத்துச் சென்று ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைக் கூறி அவர்கள் சிகிச்சையில் இருக்க வேண்டியதன் காரணத்தை விளக்கினார். இவ்வாறு 60 பேர் கைதாகி வதை முகாமுக்கு அனுப்பப்படுவதிலிருந்து தப்பினர்.

இங்கிலாந்துக்குப் புலம்பெயர்வு

1938 இறுதியில், போர்த்துகல் ஆட்சியாளர் சலசாரின் நண்பர் ஒருவருக்குச் சிகிச்சை அளிப்பதற்காக லிஸ்பன் செல்லுமாறு ஜெர்மன் அரசு குட்மானைப் பணித்தது. யூதர்களின் கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டிருந்த காலத்தில் இதற்காகவே இவருக்குப் பயண அனுமதி தரப்பட்டது. திரும்பும் வழியில் இலண்டனில் தங்கியபோது, அகதிகளாக வரும் அறிவியலாளர்களுக்கு உதவிய பிரித்தானியச் சங்கம் இவரது குடும்பம் இங்கிலாந்துக்கு வர ஏற்பாடு செய்தது. 1939 மார்ச் 14 அன்று மனைவி, இரு குழந்தைகளுடன் குட்மான் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். உலகப்போர் தொடங்க அப்போது ஆறு மாதங்கள்கூட இல்லை.

ஆக்ஸ்போர்டு நகரில் ராட்கிளிப் மருத்துவமனையின் நரம்பு அறுவைப் பிரிவில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்பவரின் கீழ் இவருக்கு ஆய்வுப் பணி கிடைத்தது. வெளி நரம்புகள் அறுபட்ட பின் எவ்வாறு மீண்டும் வளர்கின்றன என்பது பற்றியும், நரம்புச் சேதத்தின் எல்லையை வியர்வைச் சுரப்பைக் கொண்டு அறிவது பற்றியும் இவர் ஆய்வுகள் செய்தார். எனினும் நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கும் பொறுப்பு கிட்டாதது இவருக்குப் பெரும் குறையாக இருந்தது.

அக்காலத்தில் தண்டுவடக் காயம்

குட்மானின் பணியை அறிய, தண்டுவடக் காயம் எவ்வாறு உயிரைப் பறித்தது என்பதை அறிதல் வேண்டும். தண்டுவடம் (முண்ணாண்) மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்திகளைக் கடத்தும் நரம்பு வடமாகும். அது சேதமடைந்தால், சேதமடைந்த இடத்துக்குக் கீழே தசைகளுக்கு மூளையின் கட்டளை செல்வதில்லை. அங்கிருந்து வலி, தொடுகை போன்ற உணர்வுகள் மூளைக்கு வருவதுமில்லை. சிறுநீர்ப்பை, குடல் ஆகியவற்றின் கட்டுப்பாடும் இழக்கப்படுகிறது.

நலமுள்ள ஒருவர் உறக்கத்திலும்கூடத் தம்மை அறியாமல் புரண்டு படுக்கிறார். உணர்வற்றவர் அவ்வாறு புரள்வதில்லை. ஒரே இடத்தில் அழுத்தம் நீடிக்கும்போது அங்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோலும் தசையும் அழுகிப் படுக்கைப் புண் உண்டாகிறது. மற்றொரு புறம், முழுமையாக வெளியேறாத சிறுநீர் சிறுநீர்ப்பையில் தேங்கித் தொற்றை உண்டாக்கி, நாளடைவில் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்கிறது. இவ்விரண்டுமே பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணமாக இருந்தன. முதல் உலகப்போரில் தண்டுவடக் காயம் அடைந்த வீரர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது.

பண்டைய எகிப்திய மருத்துவ ஏடான எட்வின் சுமித் பாப்பிரசு, கழுத்தெலும்பு முறிந்து கைகால் உணர்விழந்த நிலையை மருத்துவம் செய்ய இயலாதது என்று வகைப்படுத்தியது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இம்முடிவில் பெரிய மாற்றம் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டொனால்டு மன்ரோ என்பவர் 1936 இல் இத்தகைய நோயாளிகளுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியமை குட்மானுக்கு முந்திய முக்கிய முயற்சியாகும்.

ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை

ஐரோப்பாவின் மீது நேச நாடுகள் படையெடுக்கத் திட்டமிட்டபோது, பெருமளவில் தண்டுவடக் காயங்கள் நேரும் என்று பிரித்தானிய அரசு எதிர்பார்த்தது. 1943 இல் இதற்கெனத் தனி மையம் ஒன்றை அமைக்கும் பொறுப்பு குட்மானிடம் ஒப்படைக்கப்பட்டது. சிகிச்சை முறையில் பிறர் தலையிடாமல் தம் கருத்துப்படி நடத்த உரிமை வேண்டும் என்னும் கட்டுப்பாட்டுடன் இவர் அதனை ஏற்றார். 1944 பிப்ரவரி 1 அன்று எயில்சுபரி நகருக்கு அருகில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இம்மையம் திறக்கப்பட்டது. தொடங்கிய நாளில் அங்கு ஒரேயொரு நோயாளியே இருந்தார். சில மாதங்களில் நார்மண்டிப் போர்முனையிலிருந்து காயமடைந்தவர்கள் வரத் தொடங்கினர்.

சிகிச்சை முறை

குட்மான் தொடங்கிய முறையில் வியத்தகு மருந்தோ கருவியோ இல்லை. எளிய செயல்களை ஒருமுறைகூடத் தவறாமல் செய்வதே அதன் அடிப்படை. அதன் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

- நோயாளியை இரண்டு மணிக்கொரு முறை, இரவும் பகலும், புரட்டிப் படுக்க வைத்தல். இரவு நேரங்களில் தாமே வந்து இது நடைபெறுகிறதா என்று குட்மான் கண்காணித்தார்.
- உடல் முழுவதையும் மாவுக்கட்டால் இறுக்கும் முறையைக் கைவிட்டு, தலையணைகளைக் கொண்டு முதுகெலும்பைச் சரியான நிலையில் தாங்குதல்.
- சிறுநீர் வடிகுழாயை நிலையாக உள்ளே விட்டுவைக்காமல், குறித்த இடைவெளிகளில் தூய்மை கெடாத முறையில் செலுத்திச் சிறுநீரை அகற்றுதல்.
- செயலிழந்த மூட்டுகள் இறுகிவிடாதபடி நாள்தோறும் அசைத்தல்.
- செயல்படும் தசைகளை விரைவாக வலுப்படுத்துதல்.

மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், தொழிற்பயிற்சி ஆசிரியர் ஆகியோர் ஒரே குழுவாகச் செயல்பட்டனர். படுக்கைப் புண் உண்டானால் அதனை நோயின் இயல்பான விளைவாகக் கருதாமல் கவனிப்பில் நேர்ந்த தவறாகவே குட்மான் கருதினார். கண்டிப்பு மிகுந்தவராகவும் எளிதில் சினம் கொள்பவராகவும் இவர் அறியப்பட்டார். எனினும் நோயாளிகள் இவரைத் தந்தை என்னும் பொருள்படும் செல்லப்பெயரால் அழைத்தனர்.

நிற்றலும் நடத்தலும்

காயத்துக்குப் பிந்திய முதல் கட்டம் முடிந்ததும் நோயாளியை உட்கார வைத்து உடற்சமநிலையைப் பழக்குவது அடுத்த படியாகும். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவருக்குத் தம் உடல் நேராக உள்ளதா, சாய்ந்துள்ளதா என்பது தெரிவதில்லை. எனவே கண்ணாடியின் முன் அமர்த்தி, இழந்த உணர்வுக்கு மாற்றாகக் கண்பார்வையைப் பயன்படுத்தப் பயிற்சி அளிக்கப்பட்டது.

இப்பயிற்சியில் முதுகின் அகன்ற தசைக்குக் குட்மான் சிறப்பிடம் அளித்தார். மேற்கையிலிருந்து தொடங்கி முதுகில் விரிந்து இடுப்பெலும்பு வரை இறங்கும் இத்தசை, கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலிருந்து வரும் நரம்புகளால் இயங்குகிறது. ஆகவே மார்புப் பகுதியில் தண்டுவடம் அறுபட்டாலும் இத்தசை செயலிழப்பதில்லை. உணர்வுள்ள மேலுடலுக்கும் உணர்வற்ற கீழுடலுக்கும் இடையே இது ஒரு பாலமாக அமைகிறது. இதனை வலுப்படுத்தினால் நோயாளியால் இடுப்பைத் தூக்கவும் அசைக்கவும் முடியும்.

அதன் பின் முழங்காலை மடங்காமல் தாங்கும் காலிப்பர் அணிவித்து, இரு பக்கமும் உள்ள இணைக்கம்பிகளைப் பிடித்து நிற்கப் பழக்கினர். அடுத்து ஊன்றுகோல்களின் துணையுடன் நடை கற்பிக்கப்பட்டது. ஊன்றுகோலையும் காலையும் ஒன்று மாற்றி ஒன்றாக வைக்கும் நடை, இரு ஊன்றுகோல்களையும் முன்னே வைத்து இரு கால்களையும் ஒருசேர வீசும் நடை எனப் பல வகைகள் இருந்தன. நிற்பதனால் மூட்டுகள் இறுகாமல் காக்கப்படுகின்றன, இரத்த ஓட்டம் சீராகிறது, தசை விறைப்பும் குறைகிறது என்னும் கருத்தில் இது சிகிச்சையின் பகுதியாகக் கொள்ளப்பட்டது.

இவ்வகை நடை கைகளின் வலிமையால் நிகழ்வது; கால்களில் இயக்கம் மீண்டதால் நிகழ்வதன்று. இதற்குச் செலவாகும் உடல் ஆற்றல் மிகவும் அதிகம். பயிற்சி பெற்றவர்களுள் பலர் வீடு திரும்பிய பின் அன்றாடப் போக்குவரத்துக்குச் சக்கர நாற்காலியையே பயன்படுத்தினர். இதனைச் சிகிச்சையின் தோல்வியாகக் குட்மான் கருதவில்லை. நடை என்பது இவருக்குப் பல இலக்குகளுள் ஒன்று. வேலை செய்து பொருளீட்டிப் பிறருடன் சமமாக வாழ்வதே முடிவான இலக்கு.

வேலையும் வீடும்

மையத்தில் மரவேலை, கடிகாரம் பழுதுபார்த்தல், தட்டச்சு போன்ற தொழில்கள் கற்பிக்கப்பட்டன. படுக்கையில் இருந்தவாறே வேலை செய்யவும் நோயாளிகள் ஊக்குவிக்கப்பட்டனர். வாழ்நாள் முழுவதும் காப்பகத்தில் வைத்திருக்க வேண்டியவர்கள் என்று கருதப்பட்டவர்களில் பெரும் பகுதியினர் இவ்வாறு வீட்டுக்கும் வேலைக்கும் திரும்பினர். உயிர் காப்பதோடு நில்லாமல் நோயாளி வரி செலுத்தும் குடிமகனாகத் திரும்ப வேண்டும் என்பதை இவர் அடிக்கடி வலியுறுத்தினார்.

விளையாட்டுப் போட்டிகள்

தசைகளை வலுப்படுத்தவும் சோர்வைப் போக்கவும் விளையாட்டை ஒரு சிகிச்சையாகவே குட்மான் பயன்படுத்தினார். தொடக்கத்தில் குத்துப்பந்து, அம்பு எறிதல், மேசைக் கோற்பந்து ஆகியவை ஆடப்பட்டன. பின்னர் சக்கர நாற்காலிப் போலோ தொடங்கியது. அது ஆபத்தாக இருந்ததால் கைவிடப்பட்டு, வலைப்பந்தும் அதன் வழியே கூடைப்பந்தும் இடம்பெற்றன. மேலே குறிப்பிட்ட முதுகுத் தசையை வலுப்படுத்த வில்வித்தை மிகவும் ஏற்றதாக அமைந்தது. மேலும், சக்கர நாற்காலியில் இருப்பவர் நடப்பவருடன் சமமாகப் போட்டியிடக்கூடிய விளையாட்டாகவும் அது இருந்தது.

1948 ஜூலை 29 அன்று இலண்டன் ஒலிம்பிக் தொடங்கியது. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் வளாகத்தில் முன்னாள் படைத்துறையினர் 16 பேர், 14 ஆண்களும் 2 பெண்களும், வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். இப்போட்டி ஆண்டுதோறும் நடத்தப்பட்டது. 1952 இல் நெதர்லாந்து அணி பங்கேற்றதும் இது பன்னாட்டுப் போட்டியானது. 1956 இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு, ஒலிம்பிக் இலட்சியத்துக்கு ஆற்றிய தொண்டுக்கான பியர்ன்லி கோப்பையை வழங்கி இப்போட்டிகளைச் சிறப்பித்தது.

1960 இல் ரோம் ஒலிம்பிக் முடிந்ததைத் தொடர்ந்து அந்நகரிலேயே போட்டிகள் நடைபெற்றன. 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 பேர் பங்கேற்றனர். இதுவே முதல் பாராலிம்பிக்காகப் பின்னர் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்து 1964 இல் டோக்கியோவில் நடைபெற்றது. தொடக்கத்தில் தண்டுவடக் காயம் அடைந்தோர் மட்டுமே பங்கேற்ற இப்போட்டிகளில், 1976 இல் கனடாவின் டொராண்டோவில் பார்வையற்றோரும் கைகால் இழந்தோரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

ஆய்வுப் பணிகள்

குட்மான் சிகிச்சையுடன் ஆய்வையும் இணைத்தே நடத்தினார். 1947 இல் உடலியங்கியல் அறிஞர் டேவிட் விட்டரிட்ஜ் என்பவருடன் இணைந்து, மார்புப் பகுதியின் மேற்புறத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் சேதமடைந்தவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பும்போது இரத்த அழுத்தம் திடீரென ஆபத்தான அளவுக்கு உயர்வதை விளக்கினார். நோயாளிக்குச் சிறுநீர்ப்பையின் உணர்வே இல்லாத நிலையில் இவ்விளைவு ஏற்படுவதால், இதனை அறியாமல் விடுவது உயிருக்கே கேடாகலாம்.

1961 இல் தண்டுவடக் காய மருத்துவர்களுக்கான பன்னாட்டுச் சங்கம் தோன்றியபோது குட்மான் அதன் முதல் தலைவரானார். 1963 இல் தொடங்கிய அதன் ஆய்விதழ் பிற்காலத்தில் பெயர் மாற்றம் பெற்று இன்றும் வெளிவருகிறது.

1969 இல் ஹான்ஸ் பிராங்கெல் முதலியோருடன் குட்மானும் இணைந்து வெளியிட்ட கட்டுரை ஒன்று நடை மீட்பு ஆய்வுக்கு அடிப்படையான அளவுகோலைத் தந்தது. காயத்தின் கடுமை அதில் ஐந்து நிலைகளாக வகுக்கப்பட்டது: உணர்வும் அசைவும் முற்றிலும் இல்லாத நிலை, உணர்வு மட்டும் எஞ்சிய நிலை, பயன்படாத அளவுக்கு மட்டும் அசைவு உள்ள நிலை, பயன்படும் அளவுக்கு அசைவு உள்ள நிலை, நலமடைந்த நிலை. பிராங்கெல் அளவுகோல் எனப்படும் இதுவே திருத்தங்களுடன் அமெரிக்கத் தண்டுவடக் காயச் சங்கத்தின் அளவுகோலாக 1992 இல் வெளியிடப்பட்டது. ஒரு புதிய சிகிச்சையால் நோயாளி முன்னேறினாரா, அன்றி இயல்பாகவே தேறினாரா என்பதைப் பிரித்தறிய இத்தகைய பொது அளவுகோல் இன்றியமையாதது.

தமது பட்டறிவைத் தொகுத்து, தண்டுவடக் காயங்களின் சிகிச்சையும் ஆய்வும் பற்றிய விரிவான நூலை 1973 இலும், உடற்குறை உள்ளோருக்கான விளையாட்டுகள் பற்றிய பாடநூலை 1976 இலும் வெளியிட்டார்.

மாற்றுக் கருத்துகள்

முறிந்த முதுகெலும்பை உடனடியாக அறுவை செய்வதைக் குட்மான் வன்மையாக எதிர்த்தார். அக்கால அறுவை முறைகள் முதுகெலும்பை மேலும் நிலைகுலையச் செய்ததும், தலையணைகளால் தாங்கும் முறையில் பலர் தேறியதும் இவரது நிலைப்பாட்டுக்குக் காரணங்கள். பின்னர் படமெடுக்கும் கருவிகளும் உலோகப் பொருத்திகளும் மேம்பட்டதால் இந்நிலை மாறியது. தண்டுவடத்தை அழுத்தும் எலும்பை இயன்றவரை விரைவில் அகற்றுவது நல்லது என்ற கருத்து இப்போது பரவலாக ஏற்கப்படுகிறது. ஆயினும் படுக்கைப் புண் தடுப்பு, விட்டுவிட்டு வடிகுழாய் செலுத்துதல், குழுவாக இயங்கும் தனி மையம் ஆகியவற்றில் குட்மானின் வழிமுறையே இன்றும் பின்பற்றப்படுகிறது.

குட்மானுக்குப் பின் நடை மீட்பு ஆய்வுகள்

குட்மானின் காலத்தில், தண்டுவடத்தில் சேதமடைந்த பகுதிக்குக் கீழே உள்ள நரம்பணுக்களைக் கொண்டு நடையை மீட்கும் முறை நடைமுறையில் இல்லை. செயல்படும் தசைகளைக் கொண்டு குறையை ஈடுசெய்வதே வழியாக இருந்தது. ஆனால், 1911 இலேயே தாமஸ் கிரகாம் பிரவுன் என்னும் பிரித்தானிய அறிஞர், மூளையிலிருந்து பிரிக்கப்பட்ட தண்டுவடமும் நடைக்குரிய தாளத்தைத் தானே உண்டாக்க வல்லது என்று விலங்குகளில் காட்டியிருந்தார். இக்கருத்து பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே சிகிச்சைக்குப் பயன்பட்டது.

1987 இல் கனடாவில் பார்போ, ரொசிஞோல் ஆகியோர் தண்டுவடம் அறுக்கப்பட்ட வளர்ந்த பூனைகள் டிரெட்மில் பயிற்சியால் பின்னங்கால்களால் மீண்டும் அடியெடுத்து வைப்பதைக் காட்டினர். தண்டுவடமும் கற்கக்கூடியது என்பதை இது உணர்த்தியது. 1990களில் ஜெர்மனியில் வெர்னிக் முதலியோர் நோயாளியின் உடல் எடையின் ஒரு பகுதியைக் கயிறுகளால் தாங்கி டிரெட்மில்லில் நடக்கப் பழக்கினர். தொடர்ந்து சுவிட்சர்லாந்தில் இப்பயிற்சியைத் தரும் இயந்திரக் கால்கள் உருவாக்கப்பட்டன.

இம்முறையைச் சோதிக்கும் பெரிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2006 இல் வெளியாயின. அமெரிக்காவிலும் கனடாவிலும் அண்மையில் காயமடைந்த 146 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்கு எடை தாங்கிய டிரெட்மில் பயிற்சியும் மற்றப் பிரிவினருக்கு அதே அளவு தரைநடைப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. இரு பிரிவினரின் நடையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஓரளவு அசைவு எஞ்சியிருந்தவர்களுள் பெரும்பாலோர் இரு பிரிவிலும் நடந்தனர். கருவி எதுவாயினும் முறையான, தொடர்ந்த பயிற்சியே முக்கியம் என்று இதிலிருந்து பலர் கருதினர்.

2011 இல் அமெரிக்காவின் லூயிவில் நகர ஆய்வாளர்கள், கீழ்முதுகுப் பகுதித் தண்டுவடத்தின் மேலுறை மீது மின்முனைகளைப் பொருத்தித் தூண்டியபோது, கால்களில் அசைவற்றிருந்த ஒருவர் எடையைத் தாங்கி நின்றதை அறிவித்தனர். 2018 இல் அமெரிக்காவின் இரு குழுக்களும் சுவிட்சர்லாந்தின் லோசான் குழுவும் இத்தகைய தூண்டலும் நீண்ட பயிற்சியும் சேர்ந்தபோது சிலர் துணைக்கருவிகளுடன் நடந்ததைத் தனித்தனியே வெளியிட்டன. 2023 இல் லோசான் குழு, மூளையின் சைகைகளைக் கம்பியின்றித் தண்டுவடத் தூண்டியுடன் இணைத்து, ஒருவர் தம் எண்ணத்தால் கால்களை இயக்கி நடந்ததை அறிவித்தது.

இவை மிகச் சிலரிடம் மட்டுமே செய்யப்பட்ட ஆய்வுகள். அறுபட்ட தண்டுவடத்தை முழுமையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் சிகிச்சை இன்னும் கண்டறியப்படவில்லை. இவ்வாய்வுகளில் கலந்துகொள்வோருக்குப் புண்ணற்ற தோலும், இறுகாத மூட்டுகளும், நலமான சிறுநீரகங்களும் தேவை. அவ்வகையில் 1944 இல் தொடங்கிய இரண்டு மணி நேரப் புரட்டலே இவற்றின் முதற்படியாகும்.

இந்தியாவும் பாராலிம்பிக்கும்

1972 இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில், 1965 போரில் காயமுற்ற முன்னாள் படைவீரர் முரளிகாந்த் பேட்கர் நீச்சலில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கப் பதக்கத்தைப் பெற்றார். தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016 இல் ரியோ டி செனீரோவில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார்.

சிறப்புகள்

- 1950 – பிரித்தானியப் பேரரசு ஆணையின் அலுவலர் நிலை
- 1960 – பிரித்தானியப் பேரரசு ஆணையின் தளபதி நிலை
- 1966 – சர் பட்டம்
- 1976 – இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர்

எசுப்பானியாவின் பார்சிலோனா நகரில் 1965 இல் தொடங்கப்பட்ட தண்டுவடக் காய மருத்துவமனை குட்மானின் பெயரைத் தாங்கியுள்ளது.

மறைவும் நினைவும்

1960களின் பிற்பகுதியில் மருத்துவமனைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் குட்மான் விளையாட்டுப் பணிகளைத் தொடர்ந்தார். 1969 இல் ஸ்டோக் மாண்டவிலில் உடற்குறை உள்ளோருக்கான விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. 1979 இல் மாரடைப்புக்கு உள்ளான இவர் 1980 மார்ச் 18 அன்று தமது 80 ஆம் அகவையில் காலமானார்.

2012 இல் இலண்டனில் பாராலிம்பிக் நடைபெற்றபோது ஸ்டோக் மாண்டவிலில் இவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. இவரது மகள் ஈவா லோப்லர் அப்போட்டிகளில் வீரர் குடியிருப்பின் நகரத்தலைவராகப் பணியாற்றினார். குட்மான் தொடங்கிய தேசியத் தண்டுவடக் காய மையம் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தொடர்ந்து இயங்கி வருகிறது.